சாம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் உள்ள தொடர்பு அண்மையில் தெரியவந்ததன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993இலேயே இப்புற்றுநோயை எய்ட்சின் அடையாள நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. தீநுண்மியைப் பெரும்பாலான பெண்களின் உடல் தானே நீக்கிவிடும். நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் அது தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம்.

சாம்பியாவின் அரசு மருத்துவ நிலையங்களில் 2004 முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. எய்ட்சால் இறந்திருக்கக்கூடிய பெண்கள் பிழைத்தனர். ஆனால், பல ஆண்டுகள் மெதுவாக வளரும் இப்புற்றுநோய் முற்றுவதற்கும் அந்த ஆயுள் இடம் தந்தது. மருந்து வாங்க வரும் பெண்ணை அதே வளாகத்தில் பரிசோதிப்பதே இதற்கு மிக எளிய வழியாக இருந்தது.

2006இல் தலைநகர் லுசாக்காவில் மருத்துவர்கள் குரோசுபெக் பார்காம், முலிந்தி முவானகமுந்து ஆகியோர் முன்னின்று இத்திட்டத்தைத் தொடங்கினர். செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் சோதனைக்கு ஆய்வகமும் நோயியல் வல்லுநர்களும் தேவை; அங்கு இரண்டும் அரிது. எனவே செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினர். சமையல் வினிகரில் உள்ள அமிலமே இது. இயல்பற்ற திசு சில நிமிடங்களில் வெண்மையாகத் தெரியும். அதை எண்மியப் புகைப்படம் எடுத்து, சிறு புண்களை அன்றே உறையவைத்து அழித்தனர். ஐயத்துக்குரிய படங்களை மருத்துவர்கள் பார்த்தனர். எச்.ஐ.வி. இல்லாத பெண்களுக்கும் கதவு திறந்திருந்ததால், வரிசையில் நிற்பதே நோயை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் குறைய வாய்ப்பு இருந்தது.

இம்முறைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய பெரிய ஆய்வில் செவிலியர்களே சிற்றூர்ப் பெண்களை இவ்வாறு சோதித்தனர். சோதனை நடந்த பகுதிகளில் இப்புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

நகரத்தில் வேர்விட்ட திட்டம் சாம்பியாவின் சிற்றூர்களை அடைவது எளிதாக இல்லை. செவிலியருக்குப் பயிற்சி அளித்துவிடலாம். உறைசிகிச்சைக்கான கனத்த வாயு உருளைகளை மழைக்காலச் சாலைகளில் கொண்டு சென்று, தீர்ந்ததும் நிரப்புவது வேறு வேலை. வாயு இல்லாத நாளில் வந்த பெண் வேறொரு நாள் மீண்டும் நடந்து வர வேண்டும், வராமலும் போகலாம். வெப்பத்தால் புண்ணை அழிக்கும், மின்கலத்தில் இயங்கும் கைக்கருவி இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

கண்ணால் பார்க்கும் சோதனைக்கும் குறையுண்டு: பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறும். ஆகவே அதே அமைப்பு 2021இல், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயது முதல், 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. மரபணுச் சோதனை செய்யப் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது சிற்றூர்களுக்குப் பெரும் வசதி. ஆயினும் முடிவு வர வாரங்கள் ஆனால் பழைய இரண்டாம் வருகைச் சிக்கல் திரும்பிவிடும். காசநோய் கண்டறியப் பயன்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி இச்சோதனையையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்யும். காசநோய் மாதிரிகளுக்கு இடையே இதற்கும் இடம் ஒதுக்கினால் போதும்.