எழுவான்கரை வீதி

வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில் தமிழ் ஊர்களையும் முஸ்லிம் ஊர்களையும் கடந்தே போக வேண்டும். ‘புட்டும் தேங்காய்ப்பூவும்’ என்று மூத்தவர்கள் சொன்னது இந்த நெருக்கத்தைத்தான்.

1990 ஜூலையில் இதே வீதியில், குருக்கள்மடத்தில், ஹஜ் முடித்து வந்தவர்களும் வியாபாரிகளும் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டார்கள். அவர்கள் காத்தான்குடிக்கு வந்து சேரவேயில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் மீரா ஜும்ஆ, ஹுஸைனிய்யா பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள்.

ஆசிரிய கலாசாலையில் என்னோடு படித்த தமிழ் நண்பரோடு சென்ற வருடம் அவ்வழியே மோட்டார் சைக்கிளில் போனேன். இருட்டிவிட்டதால் காத்தான்குடியில் சாச்சி வீட்டில் தங்கினோம். இஷாவுக்குப் பின் மீராப் பள்ளியின் சுவரில் அப்படியே விடப்பட்டிருக்கும் துப்பாக்கி ரவைத் துளைகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “சத்துருக்கொண்டானில எங்கட ஆக்களும் போனாங்க மச்சான், அடுத்த மாசமே” என்றார்.

உண்மைதான். 1990 செப்டம்பர் 9இல் அங்கே படையினரால் கொல்லப்பட்ட தமிழர் 184 பேர் என்று ஜனாதிபதி ஆணைக்குழு பதிந்திருக்கிறது. ஓகஸ்ட் 3 என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். செப்டம்பர் 9ஐ ஒருவருமே அறியார். அவருடைய வகுப்பில் இதற்கு நேர்மாறு.

குருக்கள்மடத்து ஜனாஸாக்களை முறைப்படி நல்லடக்கம் செய்யவேண்டும் என்று உறவினர் பல்லாண்டாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் தமிழ் ஆசிரியர் ஒருவரும், சத்துருக்கொண்டானுக்கான கோரிக்கையில் நானும் ஒப்பமிடும் நாளில்தான் மூத்தவர்களின் சொல்லை வகுப்பில் கூச்சமின்றிச் சொல்ல முடியும்.