பி.எல்.எல். அதிர்வெண் தொகுப்பியில் பூட்டாமைக் கோளாறு

கட்டப் பூட்டு வளையத்தை (பி.எல்.எல்.) கொண்டு ஒரே கிரிஸ்டலின் துல்லியத்தோடு பல அதிர்வெண்களை உண்டாக்கும் சுற்று அதிர்வெண் தொகுப்பி எனப்படும். அலையியற்றியின் வெளியீட்டை வகுப்பான் ஒரு முழு எண்ணால் வகுக்கிறது. வகுத்து வந்ததைக் கட்ட ஒப்பீட்டுச் சுற்று, கிரிஸ்டலிலிருந்து பெற்ற ஆதார அதிர்வெண்ணோடு ஒப்பிடுகிறது. வேறுபாடு வடிகட்டி வழியே மின்னழுத்தமாகி அலையியற்றியைத் திருத்துகிறது. இரண்டு அலைகளும் ஒரே நடையில் ஓடும் நிலையே பூட்டு. அது கிட்டாதபோது பழுது பார்ப்பவர்கள் "லாக் ஆகவில்லை" என்கிறார்கள். இவ்வகை ஒத்தியக்கத்தை வானொலி ஏற்பிக்குப் பயன்படுத்துவது பற்றிப் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தெ பெல்லெசீஸ் 1932இல் எழுதினார்.

வளையத்தில் ஓரிடத்துப் பழுது எல்லா இடத்திலும் தெரியும். அதனால் ஐ.சி.யை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. முதலில் அளக்க வேண்டியது கட்டுப்பாட்டு மின்னழுத்தம். மின்னழுத்தம் ஏற அதிர்வெண்ணும் ஏறும் சுற்றில், அது மேல் எல்லையில் ஒட்டிக்கொண்டால் வகுப்பானின் வெளியீடு வரவில்லை, அல்லது கேட்ட அதிர்வெண்ணை எட்ட அலையியற்றியால் முடியவில்லை. கீழ் எல்லையில் கிடந்தால் கிரிஸ்டல் ஓடவில்லை, அல்லது வகுப்பான் இல்லாத துடிப்புகளையும் சேர்த்து எண்ணுகிறது. எல்லையில் நிற்காமல் இடையே ஊசலாடினால் வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டும். மின்தேக்கியோடு தொடராக இருக்க வேண்டிய மின்தடை விடுபட்டாலோ மிகச் சிறிதானாலோ வளையம் நிலைகொள்ளாது.

அடுத்த படி, வளையத்தை அறுப்பது. சிடி 4046 ஐ.சி.யில் ஆதாரம் 1 கிலோஹெர்ட்ஸ், வகுஎண் 100 முதல் 200 வரை என்று கொள்வோம். அலையியற்றி 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். 9ஆம் காலை வடிகட்டியிலிருந்து பிரித்து, மின்வழங்கிக்கும் தரைக்கும் இடையே வைத்த 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனையில் இணைக்கவும். கடைசிவரை திருப்பியும் 4ஆம் காலில் 180 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை என்றால், 200 என்ற வகுஎண்ணில் இந்தச் சுற்று ஒருநாளும் பூட்டாது. 6, 7ஆம் கால்களுக்கு இடையிலுள்ள மின்தேக்கியைக் குறைக்க வேண்டும். அலையே இல்லையென்றால் 5ஆம் கால் தரையில் இருக்கிறதா என்று பார்க்கவும். அது உயர்நிலையில் இருந்தால் அலையியற்றி நின்றுவிடும்.

பிறகு வகுஎண்ணை 150இல் வைத்து, அலையியற்றியை 150 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நிறுத்தவும். 3ஆம் காலில் 1 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். 13ஆம் காலோடு சேர்ந்திருக்கும் வடிகட்டியின் மின்னழுத்தம் மேலே ஏற வேண்டும். 150ஐத் தாண்டித் திருப்பியதும் இறங்க வேண்டும். தலைகீழாக நடந்தால் திசை மாறியிருக்கிறது: இரு உள்ளீடுகளும் இடம் மாறியிருக்கும், அல்லது தலைகீழாக்கும் பெருக்கி ஒன்று வடிகட்டியில் இருக்கும்.

அளக்கும் கருவியும் குழப்பம் செய்யும். 10 மெகாஓம் மல்டிமீட்டர்கூட வடிகட்டியிலிருந்து சிறிது மின்னோட்டத்தை இழுக்கும். 4046இல் இதற்கு நல்ல வழி உண்டு. 10ஆம் காலிலிருந்து தரைக்கு 10 கிலோஓம் மின்தடையை வைத்து அங்கே அளந்தால், 9ஆம் காலின் ஏற்ற இறக்கம் சற்றுத் தாழ்ந்த மின்னழுத்தமாகத் தெரியும். வடிகட்டிக்குச் சுமை இல்லை.

உயர் அதிர்வெண்ணில் ஏமாற்றுவது வேறொன்று. மின்னூட்டியதும் அலையியற்றி உச்சிக்குப் போக, வகுப்பான் அந்த வேகத்தில் துடிப்புகளைத் தவறவிடும். ஒப்பீட்டுச் சுற்று அதைக் குறைந்த அதிர்வெண் என்று நம்பி இன்னும் மேலே தள்ளும். வளையம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஏடிஎஃப் 4351 போன்ற, பதிவேடுகளால் இயங்கும் ஐ.சி.க்களில் பழுது பெரும்பாலும் நிரலில் இருக்கும். இதன் ஆறு பதிவேடுகளை 5இலிருந்து 0 வரை இறங்குவரிசையில் எழுத வேண்டும். மக்ஸ்அவுட் காலை உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் மாற்றும்படி எழுதிப் பார்த்தால் கட்டளை போய்ச் சேருகிறதா என்பது உடனே தெரியும். இது 3.3 வோல்ட் ஐ.சி.; 5 வோல்ட் ஆர்டுயினோவை நேரடியாக இணைக்கக் கூடாது.

ஓர் அதிர்வெண்ணில் பூட்டியதோடு வேலையை முடிக்க வேண்டாம். மிகச் சிறிய வகுஎண்ணிலும் மிகப் பெரிய வகுஎண்ணிலும், மின்சாரத்தை அணைத்துப் போட்டும் சோதித்த பிறகே மூடியைப் பூட்டவும்.