சோறும் படுக்கையும் பள்ளிக்கூடமும்: பெங்களூர் உயர்நிலைப் பள்ளிகளின் இன்னொரு வரலாறு

1935ஆம் ஆண்டு. கௌரிபிதனூரிலிருந்து பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பெங்களூருக்கு நடந்தே வந்து சேர்ந்தான். தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வண்டிக்குக் கொடுக்கக் காசில்லை. பசவனகுடி நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதே அவன் நோக்கம். அச்சிறுவனே பின்னாளில் இயற்பியல் பேராசிரியராகவும் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய எச். நரசிம்மையா.

இந்நிகழ்ச்சி விடாமுயற்சிக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. கல்வி வரலாற்றை ஆராய்வோர்க்கு இதில் வேறொரு கேள்வியும் உண்டு. ஊர்விட்டு வந்த ஏழை மாணவன் எங்கே உண்டான், எங்கே உறங்கினான்? பள்ளியின் கதவு எல்லோர்க்கும் திறந்திருந்தது என்பதனால் மட்டும் அது பொதுப்பள்ளி ஆகிவிடுமா?

பெங்களூரில் நவீன உயர்நிலைக் கல்வி 1858இல் அரசு தொடங்கிய பெங்களூர் உயர்நிலைப் பள்ளியோடு வேர்கொண்டது. வெஸ்லியன் சபையைச் சார்ந்திருந்த ஜான் கேரட் அதன் முதல் தலைவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வே உயர்நிலை வகுப்பின் பாடத்தையும் நோக்கத்தையும் வரையறுத்தது. தேறியவனுக்கு அரசு அலுவலகத்தின் வாயில் திறந்தது. 1875இல் இப்பள்ளி சென்ட்ரல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆயினும் பள்ளியோ கல்லூரியோ, மைசூர்ச் சமஸ்தானத்தின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்க்கு உறைவிடம் தேடுவதே முதற்பாடமாக இருந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்த எம். விசுவேசுவரய்யா பெங்களூரில் தாய்மாமன் ஆதரவில் வாழ்ந்து, குடகைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தம் படிப்பைத் தொடர்ந்தார்.

உறவினர் இல்லாதவர்க்கு இருந்த வழி 'வாரான்னம்'. கன்னட வழக்கில் உள்ள இச்சொல் வாரம், அன்னம் என்னும் இரண்டின் சேர்க்கை. திங்களன்று ஒரு வீடு, செவ்வாயன்று இன்னொரு வீடு என ஏழு நாளைக்கு ஏழு வீடுகளில் மாணவன் உண்பான். ஏதேனும் ஒரு வீட்டில் கிழமை கிடைக்கவில்லையெனில் அன்று பட்டினி. கன்னட எழுத்தாளர், அறிஞர் பலருடைய தன்வரலாறுகளில் இப்பசியின் நினைவு பதிவாகியுள்ளது. ஏழு வீட்டு அடுக்களைகளிலும் உழைத்த பெண்களின் பெயர்கள் எந்தப் பள்ளி மலரிலும் இடம்பெறுவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிறர் வீடுகளில் முறைவைத்து உண்ணும் உரிமை சிறுவர்க்கே இருந்தது. சிறுமியர்க்கு அவ்வழி அடைபட்டிருந்தது.

இம்முறையின் எல்லை சாதியே. உடன் உண்ணல் விதிகளால் கட்டுண்ட சமூகத்தில் வாரான்னம் பெரிதும் பிராமண மாணவர்க்குப் பிராமண வீடுகளில் கிடைத்த ஆதரவாகவே நிலைத்தது. பிறர்க்கு நகரத்தில் அத்தகைய ஏழு வீடுகள் இல்லை. 1900க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பெங்களூரில் சமூகவாரியான இலவச விடுதிகள் எழுந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். வணிகரான குப்பி தோட்டதப்பா ரயில் நிலையத்துக்கு அருகே பயணிகளுக்குச் சத்திரம் அமைத்ததோடு, வீரசைவ மாணவர்க்கு இலவச விடுதியும் ஏற்படுத்தினார். 1906இல் தோன்றிய ஒக்கலிகர் சங்கமும் மாணவர் விடுதியைத் தன் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. 1918இல் லெஸ்லி மில்லர் தலைமையில் அமைந்த குழு, பிராமணர் அல்லாதார்க்கு அரசுப் பணியில் இடமளிப்பதோடு கல்வி உதவித்தொகையையும் வலியுறுத்தியது. வேலைக்கும் படிப்புக்கும் இடையே உணவும் உறைவிடமும் நிற்கின்றன என்பதைச் சங்கங்கள் அதற்கு முன்பே உணர்ந்திருந்தன.

பிரிட்டிஷார் ஆதிக்கத்தில் இருந்த தண்டுப் பகுதியின் கதை சற்று வேறுபட்டது. படைமுகாமை ஒட்டி வளர்ந்த அப்பகுதியில் தமிழர் மிகுதி. அங்கே 1873இல் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910). வறிய குடும்பத்தில் பிறந்து, வணிகத்தாலும் ஒப்பந்தத் தொழிலாலும் உயர்ந்தவர். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர். அப்பள்ளியிலிருந்து வளர்ந்த ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்கள் அல்சூர்ப் பகுதியில் இன்றும் இயங்குகின்றன. இங்குப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். இரவு தம் வீட்டிலேயே உறங்குபவர்கள். ஆகவே உறைவிடத்தைக் காட்டிலும் கட்டணமே அவர்களுக்குத் தடை. அத்தடையை அறக்கட்டளை நீக்கியது.

அன்னி பெசன்ட் முன்னெடுத்த தேசியக் கல்வி இயக்கத்தின் பகுதியாக 1917இல் பசவனகுடியில் நேஷனல் உயர்நிலைப் பள்ளி தோன்றியது. நரசிம்மையா நடந்து வந்து சேர்ந்தது இப்பள்ளிக்கே. 1936இல் காந்தி அங்கு வருகை தந்தபோது, அவருடைய இந்தி உரையைக் கன்னடத்தில் மொழிபெயர்த்துரைக்கும் வாய்ப்பு இம்மாணவர்க்குக் கிட்டியது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். விடுதலைக்குப் பின் படிப்பை முடித்து, 1946இல் நேஷனல் கல்லூரியில் விரிவுரையாளரானார். திருமணம் செய்துகொள்ளாமல் கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே வாழ்ந்து 2005இல் மறைந்தார். துணைவேந்தராக இருந்தவர் விடுதி அறையை விட்டு நீங்காததை எளிமை என்று மட்டும் கூறுவது போதாது. ஏழை மாணவனின் கல்வி எவ்விடத்தில் நிலைபெறுகிறது என்பதை வாழ்ந்து அறிந்தவரின் தேர்வாகவும் அதைக் கொள்ளலாம்.

பள்ளியில் உணவளிப்பது அரசின் கடமை என்னும் கருத்து பிற்காலத்திலேயே வலுப்பெற்றது. தமிழகத்தில் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டமும், கர்நாடகத்தில் 2002இல் தொடங்கிய அட்சர தாசோகத் திட்டமும் அக்கருத்தின் செயல்வடிவங்கள். தாசோகம் என்பது வீரசைவ மடங்களின் அன்னதான மரபைக் குறிக்கும் சொல். மடமும் சங்கமும் தனிவீடும் சுமந்த பொறுப்பு அரசின் பெயரேட்டில் ஏறியபோது, பழைய சொல்லும் உடன் ஏறிற்று. வாரான்னம் என்னும் சொல்லோ தன்வரலாறுகளுக்குள் ஒதுங்கிவிட்டது.

பள்ளி வரலாறு எழுதுவோர் தலைமையாசிரியர் பட்டியலையும் தேர்ச்சி விகிதத்தையும் புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பெயர்களையும் தவறாது தொகுக்கின்றனர். விடுதிச் சேர்க்கைப் பதிவேடும் நன்கொடைக் கணக்கும் அடுக்களைச் செலவேடும் அவ்வளவு கவனம் பெறுவதில்லை. யாருக்கு இடம் கிடைத்தது, யார் பாதி ஆண்டில் ஊர் திரும்பினர் என்பதற்கு விடை அவ்வேடுகளில்தான் இருக்கும். பழைய விடுதிகள் இடிபட்டு வணிக வளாகங்களாக மாறிவரும் நகரத்தில் அவற்றைத் தேடிப் பாதுகாப்பது தள்ளிப்போடக் கூடிய பணியன்று.