மடு மாதா

இலங்கையின் மன்னார் மாவட்டத்து மடுத் திருத்தலத்தில் வணங்கப்படும் மரியாளின் திருச்சுரூபம். மருதமடு அன்னை எனவும் அழைப்பர். டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 1670 வாக்கில், மாந்தைக் கோயிலிலிருந்த இச்சுரூபத்தை விசுவாசிகள் மருதமடுக் காட்டுக்குள் கொண்டுசென்று காத்தனர். இன்றைய ஆலயத்தின் கட்டுமானப் பணியை 1872இல் ஆயர் பொஞ்ஞான் தொடங்கினார். பாப்பரசரின் அனுமதியுடன் 1924 ஜூலை 2இல் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. உள்நாட்டுப் போர் நெருங்கியதால் 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சுரூபம் ஆகஸ்டில் திரும்பியது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் மடுவில் செபித்தார்.

கடவுளின் தாயான மரியாளைக் கத்தோலிக்கர் ஆராதிப்பதில்லை. அவரிடம் பரிந்துரை வேண்டுவதே கத்தோலிக்கப் போதனை. மடு மண் பாம்புக்கடி நஞ்சை முறிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. தலைமன்னார் ரயில் பாதையில் மடு வீதி நிலையம் உள்ளது. ஆகஸ்ட் 15 பெருவிழாவில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கூடுகின்றனர்.