பண்டைச் சீனக் குறிப்பதிவுகளில் ஐயமும் இடரும்: ஒரு மொழிவரலாற்று நோக்கு

குறி பார்த்தல் என்பதை வருவதை முன்கூட்டி அறியும் முயற்சியாகக் கொள்வதே வழக்கம். பண்டைச் சீனரின் குறிமரபுக்கும் பெரும்பாலும் இவ்விளக்கமே தரப்படுகிறது. ஆயினும் அம்மரபு விட்டுச்சென்ற எழுத்துப் பதிவுகளின் தொடரமைப்பை உற்றுநோக்கின் வேறொன்று புலப்படும். எது விரும்பத்தக்கது, எது அஞ்சத்தக்கது, அஞ்சத்தக்கது நேருமாயின் செய்யத்தக்கது யாது என்று பகுத்துரைக்கும் மொழியாகவே அது வளர்ந்துள்ளது. இம்மொழியின் வளர்ச்சியைச் சில சான்றுகள்வழி ஆராய்ந்து, மொழிபெயர்ப்பில் அதன் இயல்பு எங்ஙனம் மறைகிறது என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எலும்புப் பதிவுகள்

மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என விற்கப்பட்டு வந்த எலும்புத் துண்டுகளில் பழைய எழுத்துகள் உள்ளன என்பதை 1899இல் வாங் யிரோங் என்னும் அறிஞர் உணர்ந்தார். அவை ஹெனான் மாநிலத்து ஆன்யாங் நகரை அடுத்த ஷியாவ்துன் சிற்றூரிலிருந்து வந்தவை என்பது பின்னர்த் தெரியவந்தது. 1928இல் அங்கு முறையான அகழாய்வு தொடங்கியது. 1936இல் ஒரே குழியிலிருந்து 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. 1978 முதல் 1982 வரை 13 தொகுதிகளாக வெளிவந்த பெருந்தொகுப்பில் 41,956 பதிவுகள் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் மிகுதியானவை கி.மு. 1200ஐ ஒட்டி ஆண்ட வூ திங் மன்னன் காலத்தவை.

ஆமையின் அடியோட்டிலோ மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ பின்புறத்தில் குழிகள் குடைந்து, அவற்றில் சூடேற்றுவர். அப்போது முன்புறத்தில் வெடிப்புகள் தோன்றும். குறிபார்த்தலைக் குறிக்கும் 'பு' என்னும் சீன எழுத்தின் வடிவமே அவ்வெடிப்பின் வடிவம்தான். வெடிப்பைப் படித்தபின் செய்தியை அவ்வோட்டிலேயே பொறித்தனர். நிறைவான பதிவு நான்கு உறுப்புகளை உடையது: நாளும் குறிபார்ப்போன் பெயரும் கூறும் முகப்பு, ஆய்வுக்கு வைக்கப்பட்ட பொருளைக் கூறும் முன்மொழிவு, வெடிப்பைக் கண்டு மன்னன் உரைத்த கணிப்பு, பின்னர் நிகழ்ந்ததைக் கூறும் விளைவுக் குறிப்பு. பல பதிவுகளில் முதலிரண்டு உறுப்புகளே உள்ளன.

2. இணை முன்மொழிவும் 'ச்சி' என்னும் இடைச்சொல்லும்

வூ திங் காலத்தில் ஒரே பொருள் பற்றி உடன்பாடும் எதிர்மறையுமாக இரண்டு முன்மொழிவுகள் ஓட்டின் இருமருங்கிலும் பொறிக்கப்படுவது பெருவழக்கு. விளைச்சல் கிட்டும் என்பது ஒருபுறம்; கிட்டாது என்பது மறுபுறம். இவற்றுள் ஒன்றில் மட்டும் 'ச்சி' என்னும் இடைச்சொல் வருதல் உண்டு. பால் செர்ரூயிஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில் இதன் வருகைக்கு ஒரு விதியைக் கண்டார். இணையின் ஒரு கூற்றில் மட்டும் 'ச்சி' வருமாயின், அக்கூற்றே குறிபார்ப்போர் விரும்பாதது என்பது அவ்விதி. எனவே அவ்விணையை, 'விளைச்சல் பெறுவோம். விளைச்சல் பெறாமற் போகவுங் கூடும்' என்று பொருள் கொள்ளலாம். விரும்பியது உறுதித்தொனியிலும், அஞ்சியது தயக்கத்தொனியிலும் சொல்லப்படுகின்றன. இருபக்கமும் ஒத்த எடையுடைய நடுநிலை வினாவாக இது அமையவில்லை.

வூ திங்கின் தேவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவின் மகப்பேறு பற்றிய பதிவு இதற்குத் தக்க சான்று. பேறு நன்றாக அமையும் என்று ஒரு கூற்றும், நன்றாக அமையாமற் போகவுங் கூடும் என 'ச்சி' பெற்று மறு கூற்றும் உள்ளன. பத்து நாள் சுற்றில் 'திங்' நாளில் பிறப்பின் நன்று, 'கெங்' நாளில் பிறப்பின் மிக நன்று என மன்னன் கணித்தான். முப்பத்தொன்றாம் நாளாகிய 'ஜியா யின்' நாளில் பேறு நிகழ்ந்தது. பிறந்தது பெண் எனவும், ஆகவே நன்றன்று எனவும் விளைவுக் குறிப்பு கூறுகிறது. அரசமரபு எதிர்நோக்கியது ஆண்மகவை என்பது இதனால் தெளிவு. மன்னன் உரைத்தது நிபந்தனைக் கணிப்பு. சொன்ன நாள்களில் பேறு நிகழாமையால் அது பொய்த்ததென்று கூறவும் இடமில்லை. விரும்பாத விளைவையும் மறைக்காமல் அதே ஓட்டில் பொறித்து வைத்தமை கருதத்தக்கது.

3. வினாவா, கூற்றா?

முன்மொழிவுகளை வினாத் தொடர்களாகக் கொண்டு வினாக்குறியிட்டுப் பதிப்பிப்பதே நெடுநாள் வழக்கம். கி.பி. 100இல் ஷு ஷென் நிறைவுசெய்த அகராதி, முகப்பில் வரும் 'ஜன்' என்னும் சொல்லுக்குக் குறிவழி வினவுதல் என்று பொருள் தந்தமை இதற்கு அரணாயிற்று. டேவிட் கீட்லி 1972இல் இக்கொள்கையை மறுத்து, முன்மொழிவுகள் கூற்றுகளே என வாதிட்டார். ச்சியூ ஷிகுய் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 1989இல் பிற அறிஞர்தம் கருத்துரைகளுடன் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தொடரிறுதியில் வினாவிடைச்சொல் பெற்ற சில தொன்மையான பதிவுகளையே ஐயமின்றி வினா எனக் கூறலாம் என்பது அவர் முடிபு. கருத்து வேறுபாடு முற்றும் தீர்ந்துவிடவில்லை. எனினும், தொடரில் வினாவுக்குரிய உருபு இல்லாதவிடத்து, குறி என்பதால் வினாவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்துக் குறியிடுதல் மொழியியல் நெறியன்று என்பது இவ்விவாதத்தால் தெளிவாயிற்று.

ஷாங் மரபின் இறுதிக் காலத்தில் இணை முன்மொழிவு அருகிற்று. பத்து நாள் சுற்றின் கடைசி நாளில், அடுத்த பத்து நாள்களில் இடர் இல்லை என்னும் ஒற்றைக் கூற்றே மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டது. மன்னன் கணிப்பும் பெரும்பாலும் 'நன்று' என்றே அமைந்தது. இருவழியும் எண்ணிப்பார்க்கும் தொடர், காப்பு வேண்டும் வாய்பாடாகச் சுருங்கிற்று எனலாம்.

4. இடரின் படிநிலைகள்

ஷாங் மரபை வென்ற சோவ் மரபினர் காலத்தில் செடித்தண்டுகளை எண்ணிக் குறிகாணும் முறை சிறப்புற்றது. அதற்குரிய நூலே பிற்காலத்தில் யி ஜிங் எனப் பெயர்பெற்றது. அதன் 64 வரியுருவங்களுக்கும் அவற்றின் தனித்தனி வரிகளுக்கும் உரிய கூற்றுகளில் தீர்ப்புச் சொற்கள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. 'ஜீ' என்பது நன்மை. 'ஷியோங்' என்பது கேடு. இவ்விரண்டோடு நூல் நின்றுவிடவில்லை. 'லீ' என்பது ஊறு நெருங்கிய நிலை. 'ஹுவெய்', 'லின்' இரண்டும் கழிவிரக்கத்துக்குரிய சிறு பிழைகள். 'வூ ஜியூ' என்பது குற்றமின்மை. நூலின் பழைய உரைப்பகுதியொன்று, 'வூ ஜியூ' என்பதைப் பிழையைத் திருத்திக்கொள்ளும் திறம் என விளக்குகிறது. ஹுவெய் கேட்டிலிருந்து நன்மைநோக்கியும், லின் நன்மையிலிருந்து கேட்டைநோக்கியும் செல்வன என்பது ஜூ ஷி (1130–1200) தரும் விளக்கம். எனவே இச்சொற்கள் முடிந்த முடிபைக் கூறுவதோடமையாது, ஒருவர் நிற்கும் நிலையையும் அந்நிலை செல்லும் திசையையும் சுட்டுகின்றன. இவையனைத்தையும் நற்பலன், தீப்பலன் என இருகூறாக மொழிபெயர்த்தால் இப்படிநிலை அழிந்துவிடும்.

'ஜன்' என்னும் சொல்லின் வரலாறு இங்கு மேலும் சிக்கலாகிறது. ஜேம்ஸ் லெக் தம் 1882ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இதனைத் திண்மையும் செம்மையும் எனக் கொண்டார். ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924இல் விடாமுயற்சி என்னும் பொருள்பட ஜெர்மனில் பெயர்த்தார். இருபதாம் நூற்றாண்டில் எலும்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட அறிஞர் பலர் குறிபார்த்தல் என்னும் பொருளே மூலத்துக்கு உரியது என்றனர். ஆயினும் அறப்பொருள் மொழிபெயர்ப்பாளர் புனைந்ததன்று.

அதற்குச் சான்று ஸுவோ ஜுவான் என்னும் வரலாற்று நூலில் உள்ளது. லூ நாட்டு அரசன் தாயாகிய மூ ஜியாங், தன் மகனுக்கு எதிரான சூழ்ச்சியில் ஈடுபட்டுக் கீழை அரண்மனையில் அடைக்கப்பட்டாள். அங்குச் செல்லும்போது தண்டுகளால் குறி பார்க்கப்பட்டது. விரைவில் வெளியேறுவாள் எனக் குறியாளன் ஆறுதல் மொழிந்தான். அவளோ அதனை ஏற்கவில்லை. 'ஜன்' முதலிய நான்கு சொற்களையும் நான்கு பண்புகளாக விரித்துரைத்து, அவை தன்னிடம் இல்லாமையால் அந்நற்குறி தனக்குப் பொருந்தாது என்றும், தான் அங்கேயே இறப்பது உறுதி என்றும் கூறினாள். கி.மு. 564இல் அவள் அங்கேயே இறந்தாள். நற்குறி பயன்தர வேண்டுமாயின் அதற்குரிய தகுதி வேண்டும் என்பது அவள் வாதம். 'ஜன்' என்னும் சொல் அறப்பொருள் ஏற்றது இத்தகைய வாதங்களின் ஊடேதான்.

5. பாவ்ஷான் மூங்கிற் சுவடிகள்

பழம்பொருள் இதனால் வழக்கொழிந்துவிடவில்லை. ஹூபெய் மாநிலத்துப் பாவ்ஷானில் 1987இல் அகழப்பட்ட கல்லறையில், கி.மு. 316இல் இறந்த சூ நாட்டு அமைச்சர் ஷாவ் துவோவின் குறிப்பதிவுகள் கிடைத்தன. அவற்றிலும் 'ஜன்' குறிபார்த்தலையே குறிக்கிறது. முதலில் ஆட்டைக் குறி. பின்னர், நெஞ்சுநோயும் மூச்சுக் குறைவும் உண்ண இயலாமையும் கண்டபோது நோய்க்குறி. ஒரே நாளில் குறியாளர் பலர் தத்தம் கருவிகளால் ஆராய்ந்துள்ளனர். 'ஷாங்' என்னும் விருப்பச் சொல்லுடன் தீங்கு நேராதிருப்பதாக என முன்மொழிவு அமைகிறது. பொதுநிலை நன்று என ஒரு தீர்ப்பு. ஆயினும் உடம்புக்குச் சிறு துன்பம் உண்டு என ஒரு விலக்கு. அதனை நீக்கத்தக்க பலி இன்னது என ஒரு பரிந்துரை. இறுதியில் மீண்டும் நன்று என ஒரு தீர்ப்பு. இடரை இனங்காணலும் அதற்கு மாற்றுக் காணலும் ஒரே வாய்பாட்டில் அடங்கின. அமைச்சர் பிழைக்கவில்லை. ஆனால் அப்பதிவுகள் நோயாளிக்கும் சுற்றத்துக்கும் அடுத்துச் செய்யத்தக்கது யாது என்பதை வரையறுத்துக் கொடுத்தன.

6. மொழிபெயர்ப்புக்கான குறிப்புகள்

இப்பதிவுகளைத் தமிழாக்குவோர் முதலில் கலைச்சொல்லில் கருத்துச் செலுத்த வேண்டும். சோதிடம் கோள்நிலையைச் சார்ந்தது. நிமித்தம் தானே தோன்றும் குறி. சீன முறையில் குறியைத் தோற்றுவிப்பவர் மனிதரே. சங்க இலக்கியத்து வேலனின் கழங்கு பார்த்தல் இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. குறிகேட்டல் என்னும் வழக்கு, 'கேட்டல்' என்பதனால் வினாப்பொருளைத் தானே புகுத்திவிடுகிறது. குறிபார்த்தல் என்பது இவ்விடர்ப்பாடு அற்றது.

தொடரமைப்பில் தமிழுக்கு வாய்ப்பு மிகுதி. விரும்பிய கூற்றுக்குச் 'செய்யும்' என்னும் வாய்பாடும், 'ச்சி' பெற்ற கூற்றுக்குக் 'கூடும்' என்னும் துணைவினையும் பொருந்தும். 'ஷாங்' என்பதற்கு வியங்கோள் தகும். மூலத்தில் வினாச்சொல் உள்ள இடங்களுக்கு மட்டும் ஆகார வினாவைக் கொள்ளலாம். தொல்காப்பியம் ஐயப்பொருட்டாகக் கூறும் 'கொல்', இக்கால வழக்கின் ஓகாரம் ஆகியவற்றைத் தடையின்றிப் பெய்தால், மூலத்தில் இல்லாத தடுமாற்றம் குறியாளர் மேல் ஏறும்.

வூ திங் காலத்து எழுத்தர், மூ ஜியாங், ஷாவ் துவோவின் குறியாளர் ஆகியோர் மொழி வெவ்வேறு. அவர்தம் அச்சங்களும் வெவ்வேறு. விரும்பியதையும் அஞ்சியதையும் பிரித்துச் சொன்னமையே அவர்களுக்குப் பொது. அவ்வேறுபாட்டை மூலத்தில் தாங்கி நிற்பன 'ச்சி', 'ஷாங்' போன்ற சிறு சொற்களே. அவை மொழிபெயர்ப்பில் விடுபடுமாயின் எஞ்சுவது வெறும் எதிர்காலக் கூற்றாக முடியும்.