அலைவழியும் இணையவழியும்: கேபிள் சந்தா இல்லாத அமெரிக்க வீட்டில் தொழில்முறைக் கால்பந்து

முன்னுரை

கால்பந்து ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளால் ஆனது. ஒரு பாதி தொடங்கிவிட்டால் விளம்பரத்துக்கு இடைவெளி கிடையாது. ஆட்டத்தின் இந்த இயல்புக்கும், அமெரிக்க வீடுகளுக்கு அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1967இல் சி.பி.எஸ். நிறுவனம் புதிய தொழில்முறை லீக் ஒன்றின் ஆட்டங்களை நாடு முழுவதும் ஒளிபரப்பியது. விளம்பரம் ஓடுவதற்காகவே சில ‘ஃபவுல்’களுக்கு விசில் ஊதியதாக நடுவர் ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார். விளம்பர வருமானத்தை நம்பிய தொலைக்காட்சி கால்பந்தோடு எவ்வளவு முரண்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று. பார்வையாளரிடமிருந்து சந்தாவாகப் பணம் பெறும் வழியை அந்த ஆட்டம் நாடியதற்கு இம்முரண்பாடும் ஒரு காரணம்.

சந்தா வழிகளுள் கேபிளை விலக்கிவிட்ட ஓர் அமெரிக்க வீட்டில், தொழில்முறைக் கால்பந்தை முறையான வழியில் எந்த அளவுக்குப் பார்க்க முடியும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். கேபிளை விடுவதால் ஆட்டங்கள் கைவிட்டுப் போவதில்லை, ஆனால் அவை பல நிறுவனங்களிடையே சிதறிப்போகின்றன என்பது கருதுகோள். அலைவழி ஒளிபரப்பு, இணையவழிச் சேவை, பார்வையாளருக்குச் சட்டம் தரும் காப்பு ஆகிய மூன்றையும் கட்டுரை முறையே ஆராய்கிறது. திருட்டு இணைப்புகள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

1. கேபிளின் தோற்றமும் கால்பந்தும்

1.1 ஊர்ப் பொது ஆன்டெனா

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி 1948ஆம் ஆண்டையொட்டி பென்சில்வேனியா, ஓரிகன் மாநிலங்களின் மலைப்பாங்கான ஊர்களில் பிறந்தது. மலை மறைத்ததால் நகரத்து நிலையங்களின் சிக்னல் அவ்வூர்களுக்கு எட்டவில்லை. உயரமான இடத்தில் ஓர் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுதோறும் கம்பி இழுத்தார்கள். வானில் இலவசமாக வருவதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியாகவே கேபிள் கட்டணம் தொடங்கியது.

1.2 1992ஆம் ஆண்டுச் சட்டம்

1992இன் கேபிள் சட்டம் இந்த உறவை மாற்றியது. தன் சிக்னலைக் கேபிளில் கட்டாயமாக ஏற்றும்படி கோருவதா, ஏற்றுவதற்கு அனுமதி அளித்து அதற்கு விலை பேசுவதா என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்துகொள்ளும் உரிமையை உள்ளூர் நிலையங்கள் பெற்றன. காலப்போக்கில் அந்த விலை கேபிள் பில்லில் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. ஆன்டெனாவில் காசில்லாமல் கிடைக்கும் நிலையத்துக்கே ‘ஒளிபரப்புக் கட்டணம்’ என்று தனி வரி எழுதப்பட்டது.

1.3 கால்பந்து ரசிகரின் நிலை

ஆங்கிலம் பேசும் ரசிகருக்கு நெடுங்காலம் கிடைத்தது மிகக் குறைவு. 1970களில் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். ஜெர்மன் லீக் ஆட்டங்களைச் சுருக்கி வாரம் ஒருமுறை காட்டியது. 40 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க அணி உலகக் கோப்பைக்குத் திரும்பிய 1990இல் ஆங்கில ஒளிபரப்பு டி.என்.டி. என்ற கேபிள் சானலிடம் இருந்தது. ஆன்டெனா மட்டுமே வைத்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தது ஸ்பானிய மொழி யூனிவிஷன். வர்ணனையாளர் ஆந்திரேஸ் காந்தோரின் மூச்சு முட்டும் ‘கோல்’ முழக்கம், ஸ்பானியம் அறியாதவர்களையும் அந்தச் சானலுக்கு இழுத்தது. கேபிள் இல்லாத வீட்டில் கால்பந்தைக் காத்து வந்தவர்கள் குடியேறிய மக்களும் அவர்களுடைய மொழியும்தாம் என்பதை இங்கு நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

2. அலைவழி

2.1 கிடைக்கும் ஆட்டங்கள்

ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ், டெலிமுண்டோ, யூனிவிஷன் ஆகியவற்றின் உள்ளூர் நிலையங்களை ஒருமுறை வாங்கிய ஆன்டெனாவைக் கொண்டே பெறலாம். மாதக் கட்டணம் இல்லை.

இதன் மதிப்பை 2022 உலகக் கோப்பையைக் கொண்டு அளக்கலாம். மொத்தம் 64 ஆட்டங்கள். ஆங்கிலத்தில் ஃபாக்ஸ் நிறுவனம் 35 ஆட்டங்களை அலைவழியிலும் 29 ஆட்டங்களைத் தன் கேபிள் சானலிலும் காட்டியது. ஸ்பானியத்தில் டெலிமுண்டோ 56 ஆட்டங்களை அலைவழியில் தந்தது; 8 மட்டுமே யூனிவர்சோ என்ற கேபிள் சானலுக்குச் சென்றன. பிரிவுச் சுற்றின் கடைசி ஆட்டங்கள் இரண்டிரண்டாக ஒரே நேரத்தில் நடப்பதே அந்த எட்டுக்குக் காரணம். மொழியைப் பொருட்படுத்தாத ரசிகர் ஒருவர் எட்டில் ஏழு பங்கு ஆட்டங்களைச் செலவின்றிப் பார்த்திருக்க முடியும்.

லீக் ஆட்டங்களிலும் அலைவழிக்குப் பங்குண்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமை 2013 முதல் என்.பி.சி.யிடம் இருக்கிறது. சனிக்கிழமை நண்பகலையொட்டி நடக்கும் ஆட்டம் பல வாரங்களில் அதன் அலைவழி நிலையங்களில் வரும். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை 2021 முதல் சி.பி.எஸ். தருகிறது. பெண்கள் கால்பந்துக்கு இந்த வழி இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. தேசியப் பெண்கள் லீக் 2023 நவம்பரில் நான்கு நிறுவனங்களோடு செய்த நான்காண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 24 கோடி டாலர். அவற்றுள் ஒன்றின் அயன் என்ற இலவச அலைவழி வலையமைப்பு, சனிக்கிழமை இரவுகளை இந்த லீக்குக்கு ஒதுக்கியது. ஒர்லாண்டோ பிரைடு 1-0 என வாஷிங்டன் ஸ்பிரிட்டை வென்ற 2024 இறுதியாட்டத்தைச் சி.பி.எஸ். அலைவழியிலேயே காட்டியது.

2.2 ஆன்டெனாவின் இயல்பு

2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைத்தடமும் வினாடிக்கு ஏறத்தாழ 19.39 மெகாபிட் தரவைச் சுமக்கிறது. அதில் ஓர் உயர்தரப் படத்தையும் சில துணைச் சானல்களையும் அனுப்ப முடிகிறது. அனலாக் காலத்தில் சிக்னல் தளர்ந்தால் திரையில் பனி தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். ஆட்டத்தை ஒருவாறு தொடரலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை இல்லை. போதிய சிக்னல் இருக்கும்வரை படம் தெளிவாக இருக்கும். எல்லைக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடும். பெனால்டி உதைக்கும் நொடியில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ரசிகருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஆன்டெனாவை வைக்கும் இடம் அதன் விலையைவிட முக்கியமானது. ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசை நோக்கிய ஜன்னல், இயன்றவரை உயரம், குறுகிய கம்பி ஆகிய மூன்றையும் முதலில் கவனிக்க வேண்டும். நிலையங்கள் பல இன்று யு.எச்.எஃப். தடங்களில் இயங்கினாலும், வி.எச்.எஃப். தடத்தில் இயங்குபவையும் உள்ளன. இரண்டையும் ஏற்கும் ஆன்டெனாவே பாதுகாப்பானது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் வரைபடத்தில் முகவரியைக் கொடுத்தால், அவ்விடத்தில் எந்த நிலையம் எவ்வளவு வலுவாகக் கிடைக்கும் என்பது தெரியும்.

2.3 ஆன்டெனா வைக்கும் உரிமை

பல குடியிருப்புச் சங்கங்கள் தோற்றம் கெடுகிறது என்று ஆன்டெனாவைத் தடுத்து வந்தன. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி ஆணையம் வகுத்த விதி அத்தகைய தடைகளைச் செல்லாதவை ஆக்கியது. 1999 முதல் வாடகைக்குக் குடியிருப்பவரும் தம் தனிப் பயன்பாட்டில் உள்ள பால்கனியிலோ முற்றத்திலோ ஆன்டெனா வைக்கலாம். பொதுக் கூரைக்கு இவ்வுரிமை நீளாது.

பதிவு செய்து பார்க்கும் உரிமையும் இதைப் போன்றதே. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமாகாது என்று 1984இல் சோனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஆட்டங்கள் அமெரிக்காவில் விடியற்காலையிலும் வேலை நேரத்திலும் வருவதால், கால்பந்து ரசிகருக்கு இத்தீர்ப்பு பெருந்துணை. ஆனால் அலைவழி ஒளிபரப்பைப் பிடித்து இணையத்தில் விற்பது வேறு. சந்தாதாரருக்கு ஒன்றாகச் சிறு ஆன்டெனாக்களை நிறுவிச் சேவை நடத்திய ஏரியோ நிறுவனத்தின் முறையை 2014 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் பதிப்புரிமை மீறலாகக் கண்டது. ஆன்டெனாவை நாமே வைக்கலாம். நமக்காக இன்னொருவர் வைத்து வாடகைக்கு விட இயலாது என்பதே இன்றைய நிலை.

3. இணையவழி

3.1 சிதறிய உரிமைகள்

ஆன்டெனாவுக்கு எட்டாத ஆட்டங்களுக்கு இணையமே வழி. பிரீமியர் லீக்கின் ஒரு பகுதி என்.பி.சி.யின் பீகாக்கில், சாம்பியன்ஸ் லீக் சி.பி.எஸ்.ஸின் பாரமவுண்ட் பிளஸில், ஸ்பெயினின் லா லிகா 2021 முதல் ஈ.எஸ்.பி.என்.னின் இணையச் சேவையில், அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 2023 முதல் ஆப்பிளில். நான்கு போட்டிகளுக்கு நான்கு நிறுவனங்கள், நான்கு கட்டணங்கள்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரலைக் கால்பந்துக்குத் தடை உள்ளது. மைதானங்களில் கூட்டம் குறையக்கூடாது என்பது அதன் நோக்கம். அந்த நேரத்தில் நடக்கும் ஆட்டத்தை லண்டன்வாசி வீட்டில் நேரலையாகப் பார்க்க முடியாது. நியூயார்க்வாசி அதையே காலை 10 மணிக்குச் சந்தா கட்டிப் பார்க்கிறார்.

3.2 மேஜர் லீக் சாக்கர்: ஒரு தனி ஆய்வு

1996இல் ஆடத் தொடங்கிய இந்த லீக், 2022இல் ஆப்பிளோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு ஆண்டுக்கு 25 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. எல்லா ஆட்டங்களும் ஓரிடத்தில், உள்ளூர் அணியின் ஆட்டத்தை மறைக்கும் வழக்கம் இன்றிக் கிடைத்தன. பார்வையாளர் நோக்கில் இது பெரிய முன்னேற்றம். விலை மாதம் 14.99 டாலர் அல்லது பருவத்துக்கு 99 டாலராக இருந்தது. 2023 ஜூலையில் மெஸ்ஸி இன்டர் மயாமிக்கு வந்தது அச்சேவைக்குப் புது வேகம் தந்தது.

ஆயினும் தனிச் சந்தா என்ற சுவர் நின்றது. ஏற்கெனவே ரசிகரானவர் பணம் கட்டுவார். தற்செயலாகச் சானலை மாற்றி, கண்டு, நின்று, ரசிகராக மாறுபவர் அச்சுவருக்கு உள்ளே வருவதில்லை. 2025 நவம்பரில் லீக் தனிச் சந்தாவைக் கைவிட்டு, 2026 முதல் ஆப்பிள் டிவியின் பொதுச் சந்தாவிலேயே ஆட்டங்கள் அனைத்தும் அடங்கும் என்று அறிவித்தது. ஒப்பந்தக் காலமும் 2028-29 பருவத்தோடு முடியும்படி குறைக்கப்பட்டது.

3.3 தொகுப்பின் மறுபிறப்பு

கேபிளுக்கு மாற்றாக வந்த இணையத் தொகுப்புகளின் வரலாறு எச்சரிக்கை தருகிறது. ஃபுபோ 2015இல் கால்பந்துக்கென்றே குறைந்த விலையில் தொடங்கியது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட சானல்களைக் கொண்ட தொகுப்பாக வளர்ந்தது. யூடியூப் டிவி 2017இல் மாதம் 35 டாலர். 2025 ஜனவரியில் 82.99 டாலர். கம்பி மாறியிருக்கிறது, பில் மாறவில்லை.

இதற்கு ரசிகர்கள் கண்ட மாற்று, பருவத்துக்கேற்பச் சந்தாவைத் தொடங்குவதும் நிறுத்துவதும். ஐரோப்பிய லீக்குகள் ஆகஸ்ட் முதல் மே வரை. அமெரிக்க லீக் பிப்ரவரி முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலையில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எடுக்கலாம். ஆனால் அமெரிக்க லீக்கும் 2027 கோடை முதல் ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறுவதாக அறிவித்திருப்பதால் இச்சிக்கனத்துக்கு இடம் சுருங்கும்.

3.4 காலத்தாழ்வு

இணைய நேரலை, அலைவழியைவிடப் பெரும்பாலும் சில பத்து வினாடிகள் பிந்தி வருகிறது. பக்கத்து வீட்டு ஆன்டெனாக்காரர் கோல் என்று கத்தும்போது இணையத்தில் பார்ப்பவரின் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்.

4. சட்டக் காப்பு: ஓர் ஒப்பீடு

எந்த ஆட்டம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. பிரிட்டனில் ஒரு பட்டியல் உண்டு. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. 2022இல் பெண்களுக்கான உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் சேர்க்கப்பட்டன. இவற்றை இலவச நிலையங்களுக்கு நியாயமான விலையில் முன்வைத்தாக வேண்டும்.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய முக்கியத்துவம் உடையவை என அரசு அறிவிக்கும் விளையாட்டு நிகழ்வுகளின் சிக்னலைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்கிறது. அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிடிஎச் சேவைக்கும் மட்டுமே உரியது, தனியார் கேபிளுக்கு அன்று என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கேபிள் இல்லாத வீட்டைக் கருதியே சட்டம் எழுதப்பட்டது என்பது இதனால் உறுதியாகிறது. மாறாக, உலகக் கோப்பை அமெரிக்க அலைவழியில் வருவது நிறுவனங்களின் வணிகக் கணக்கால். அந்தக் கணக்கு மாறினால் ஆட்டமும் மறையலாம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் பட்டியலில் உள்ள ஆட்டங்களுக்குச் சட்டத்தின் காப்பு உண்டு.

5. ஆய்வு முடிவுகள்

அ. பெரிய கோப்பைகளுக்கு அமெரிக்க வீட்டில் ஆன்டெனாவே முதன்மை வழி. ஸ்பானிய நிலையங்களையும் கணக்கில் கொண்டால் அதன் பயன் பெருமளவு கூடுகிறது.

ஆ. ஒரே லீக்கைப் பின்தொடர்பவருக்கு ஓர் இணையச் சந்தாவும் ஆன்டெனாவும் பெரும்பாலும் போதும்.

இ. பல லீக்குகளைப் பின்தொடர்பவருக்குக் கருதுகோள் பெருமளவு மெய்ப்படுகிறது. பெரும்பாலான ஆட்டங்கள் கிடைக்கும். செலவும் தேடலும் கூடும்.

ஈ. இணையத் தொகுப்பு கேபிளின் விலையை நெருங்கிவிட்டதால் அதைக் கேபிளுக்கு மாற்றாகக் கருத இயலாது.

முடிவுரை

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் தற்செயலாக ஓர் ஆட்டத்தைப் பார்த்து, மறுநாள் பந்தோடு தெருவில் இறங்கினால்தான் விளையாட்டு வளரும். அந்தத் தற்செயலுக்கு இடம் தருவது இலவச அலைவழி. ஒவ்வொரு வாரமும் ஓர் ஆட்டத்தையாவது அதில் தர வேண்டும் என்பதை லீக்குகள் தம் ஒப்பந்தங்களில் நிபந்தனையாக்க வேண்டும்; தேசிய அணி ஆடும் கோப்பை ஆட்டங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பட்டியல் வகுக்க வேண்டும். பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: எந்தச் சந்தாவையும் எடுக்கும் முன் ஜன்னலோரம் ஓர் ஆன்டெனாவை வைத்து, வானில் ஏற்கெனவே என்ன வருகிறது என்று பாருங்கள்.