கடாரம் போன கப்பலின் அடிப்பலகை

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கிறவர்கள் "எத்தனை கோடி வருஷம்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. கடலுக்குள் போன மரம் எப்படி மிஞ்சியது? 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் பதிவு செய்த 18 மீட்டர் தண்டு அது. வண்டல் மூடிக்கொண்டதால் தப்பித்தது. மூடாத மரத்தைக் கடல் சும்மா விடாது.

தின்பது கப்பல் புழு. பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி, மட்டி வகையறா. குஞ்சாக இருக்கும்போது ஊசிமுனை அளவு துளையில் நுழையும், உள்ளேயே வளரும், தலைப்பக்கம் இருக்கிற சின்ன ஓட்டால் மரத்தை அராவிக்கொண்டே போகும். வெளியே பலகை நன்றாகத்தான் தெரியும், உள்ளே சல்லடை. 1503இல் கொலம்பஸ் தன் கடைசி இரண்டு கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு ஒரு வருஷம் மாட்டிக்கொண்டது இதனால்தான்.

இப்போது அரியலூர் மாவட்டத்துக்கு வருவோம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கலங்களை அனுப்பினான். பாய்மரக் காலத்தில் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் உப்புத்தண்ணீரில் நிற்க வேண்டும். மெய்க்கீர்த்தி யானைகளையும் வித்யாதர தோரணத்தையும் சொல்கிறது. அடிப்பலகைக்குப் பூச்சு பூசியவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. (மெயின்டனன்ஸ் டீமை யார் மேடையில் ஏற்றுவார்கள்?)

பூச்சு அழகுக்கு அல்ல. ஒரு கீறல் விழுந்து மரம் வெளியே தெரிந்தால் போதும், புழு நுழைந்துவிடும். வழவழப்பு போனால் கொட்டலசு ஒட்டும், வேகம் குறையும். அதனால்தான் கப்பலை அவ்வப்போது கரையேற்றிச் சுரண்டி மறுபடி பூசினார்கள். நல்ல தண்ணீர் புழுவுக்கு ஆகாது என்பதால் ஆற்று முகத்துவாரத்தில் நிறுத்துவதும் ஒரு வைத்தியம்.

எதைப் பூசினார்கள்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கடலில் ஓடிய சீனக் கப்பல்களைப் பற்றி மார்க்கோ போலோ எழுதும்போது, சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மர எண்ணெயில் இடித்துப் பூசுவார்கள் என்கிறார். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்தியக் கப்பல்களுக்கான சுண்ணாம்பு-எண்ணெய்க் கலவையைக் குறிக்கிறது. சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகை சோப்பாகி இறுகிவிடும். கடற்கரையில் அந்தச் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. சிப்பியைத் தடுக்கச் சிப்பி ஓடு! அரியலூரின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லிலும் சுமார் 7 கோடி ஆண்டு பழைய சிப்பிகள்தான் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவை இன்று சிமெண்ட் ஆகின்றன.

ஐரோப்பியர்கள் செம்புத் தகடுக்குப் போனார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலுக்கு அடித்துப் பார்த்தது. புழு வரவில்லை. ஆனால் உப்புத்தண்ணீரில் செம்பு பக்கத்தில் இருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. கடைசியில் ஆணியையும் செம்புக் கலவைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

நம் பக்கம் மரப்படகுகளுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. ஜெயங்கொண்டம், செந்துறை சுற்றி இன்று முந்திரித் தோப்புகள்தான். ஆனால் ராஜேந்திரன் காலத்தில் முந்திரியே இங்கு கிடையாது, போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. கையில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், அவ்வளவு காரமான எண்ணெய்.